திருவயிறு வாய்த்தவள்: செம்பியன் மாதேவி குறித்துச் சில கேள்விகள்

செம்பியன் மாதேவி என்பது ஒரு பெண்ணின் பெயரன்று. செம்பியன் என்றால் சோழன். மாதேவி என்றால் பெரிய ராணி. சோழனுக்குப் பெரிய ராணி என்கிற பதவிதான் பெயராக நிற்கிறது. பிறந்த வீட்டில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைக் கல்வெட்டுகள் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருப்பது வேறொன்று: மழவரையர் மகளார், கண்டராதித்த தேவர் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார். அப்பன், புருஷன், மகன் என்று மூன்று ஆண்களுக்கு நடுவே ஒரு வயிறு. அறுபதாண்டுக் காலம் சோழநாட்டுக் கோயில் சுவர்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முதல் வாக்கியம் இதுதான். அவளைப் பற்றி இன்றுவரை பேசப்படுகிற பேச்சும் இந்த வாக்கியத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை என்பது என் எண்ணம்.

பாடப் புத்தகத்தில் அவள் சிவபக்தை. கோயில் மேடைகளில் அவள் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக்கிய புண்ணியவதி. ராஜராஜன் படையெடுத்தான், வென்றான், கொண்டுவந்தான் என்று கூச்சமில்லாமல் 'ன்' விகுதி போடுகிற வரலாற்றுப் பேராசிரியர்கள் இவளிடம் வந்ததும் 'அம்மையார்' என்று கைகட்டிக்கொள்கிறார்கள். இந்த மரியாதையில் ஒரு சூது இருக்கிறது. அவனைக் கேள்வி கேட்கலாம், திட்டலாம், ஆராயலாம். அம்மையாரைக் கும்பிடத்தான் முடியும். அதனால் இந்தக் கட்டுரையில் நான் 'அவள்' என்றே எழுதுகிறேன். ராஜராஜனுக்குக் கிடைக்கிற அவமரியாதை அவளுக்கும் கிடைக்கட்டும்.

எங்கள் பக்கத்திலும் அவளுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் உண்டு. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மழவரையர் பொண்ணுன்னா யாருங்க? கொல்லி மழவன் வமிசமுங்க. நம்ம மலைப் பொண்ணு போயித்தான் தஞ்சாவூர்க்காரனுக்குக் கோயில் கட்டிக் குடுத்துச்சு." ஊரில் நின்று பார்த்தால் தெரிகிற மலை அது. அதைக் காட்டித்தான் சொன்னார். அவர் ஆசையில் பாதி நியாயம் உண்டு. அதியமானை மழவர் தலைவனாகச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கொல்லியை ஆண்ட ஓரியையும் மழவரோடு சேர்த்துப் பேசும் மரபு உண்டு. தேவார காலத்தில் கொல்லி மழவன் என்றொரு சிற்றரசன் வருகிறான். ஆனால் பத்தாம் நூற்றாண்டு மழவரையரின் மழநாடு, திருச்சிக்கு வடக்கே காவிரியின் வடகரையில் கிடந்த நிலம். திருமழபாடி என்ற ஊர்ப்பெயரில் அந்த மழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே கண்டராதித்தம், அவள் புருஷன் பெயரில் ஓர் ஊர். வேலும் மாட்டு மந்தையுமாகத் திரிந்த ஒரு கூட்டம் நதிக்கரை நெல் நிலத்துக்கு வந்து, 'அரையர்' பட்டம் வாங்கி, சோழனுக்குப் பெண் கொடுக்கிற குடும்பமாக மாறுவதற்குள் சில நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த மாற்றத்தின் கடைசிக் கண்ணி இந்தப் பெண் என்று வைத்துக்கொண்டால், மலைப் பெருமையைவிட அது சுவாரஸ்யமான செய்தி.

அந்தக் கொல்லி மழவனுக்கும் ஒரு மகள் இருந்தாள். முயலகன் என்னும் நோய் கண்டு நினைவிழந்து கிடந்த அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து போட்டார்கள், சம்பந்தர் பதிகம் பாடிக் குணமாக்கினார் என்பது சேக்கிழார் சொல்லும் கதை. நோயின் பெயர் நமக்குத் தெரியும். ஊரின் பெயர் தெரியும், பாடியவர் பெயர் தெரியும், அப்பன் யாரென்று தெரியும். அந்தப் பெண்ணை மட்டும் மழவன் மகள் என்றே அறிவோம். இரண்டு மழவர் மகள்கள், முன்னூறு ஆண்டு இடைவெளி. ஒருத்தி கோயில் வாசலில் மயங்கிக் கிடக்கிறாள். இன்னொருத்தி கோயிலையே பிரித்துக் கட்டுகிறாள்.

இனி, யாரும் அதிகம் நின்று பார்க்காத ஓரிடத்துக்கு வருகிறேன். கண்டராதித்தன் 957 வாக்கில் இறந்துபோகிறான். அப்போது உத்தமன் சிறு குழந்தை. பட்டம் தம்பி அரிஞ்சயனுக்கும், அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போகிறது. 1001 வரை செம்பியன் மாதேவி கல்வெட்டுகளில் உயிரோடு இருக்கிறாள். 44 ஆண்டுகள் கைம்பெண். அதே அரச குடும்பத்தில் 973 வாக்கில் சுந்தர சோழன் சாகிறான். அவன் ராணி வானவன் மாதேவி, ராஜராஜனைப் பெற்றவள், உடன்கட்டை ஏறுகிறாள். திருவாலங்காட்டுச் செப்பேடும் திருக்கோவலூர்க் கல்வெட்டும் அதைக் கொண்டாடுகின்றன. பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினாள் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது.

செம்பியன் மாதேவி ஏன் சாகவில்லை என்று கேட்டால் உடனே வரும் பதில், கைக்குழந்தை இருந்தது என்பது. வானவன் மாதேவிக்கும் இருந்ததே! குழந்தை இருந்தும் ஒருத்தி தீயில் இறங்கியிருக்கிறாள், குழந்தை இருக்கும்போது ஒருத்தி மறுத்திருக்கிறாள். அப்படியானால் குழந்தை இங்கே காரணமாகாது. இருவரையும் ஒரே கற்புக்கரசிப் பட்டியலில் வரிசையாக எழுதிவிடுகிற நம் வரலாற்றாசிரியர்களுக்கு இந்த முரண் உறுத்துவதேயில்லை. எனக்கு உறுத்துகிறது. வாழ்வது என்று ஒரு கைம்பெண் எடுத்த முடிவு சோழ அரண்மனைக்குள் எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது. வாழ்ந்தால் எதற்காக வாழ்கிறாள் என்று ஊருக்குக் காட்டியாக வேண்டும். மகனுக்காக, மகாதேவனுக்காக என்று இரண்டு விடைகளையும் அவள் கல்லில் வெட்டிக் காட்டினாள். பக்தி அவளுக்கு உண்மையாகவே இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த பக்தி அவளுக்கு உயிரோடிருக்கும் உரிமையையும், ஊர் ஊராகப் போகும் உரிமையையும், பொன்னையும் நிலத்தையும் கையாளும் உரிமையையும் வாங்கிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அவளைப் பக்தை என்பது அரைகுறைப் பேச்சு.

கற்றளிகளுக்கு வருவோம். 949இல் தக்கோலத்தில் சோழப்படை ராஷ்டிரகூடர்களிடம் தோற்றது. பட்டத்துக்குரிய ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. இவள் ராணியாக உட்கார்ந்தது இப்படிச் சுருங்கிப்போன ஒரு ராஜ்ஜியத்தில். அதன் பிறகு அவள் பெயர் வருகிற இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் ஒரு கோடு தெரிகிறது. திருநல்லம் (கோனேரிராஜபுரம்), ஆடுதுறை, திருக்கோடிக்காவல், குத்தாலம், திருவாரூர் என்று காவிரிப் படுகையில் தொடங்குகிறது. உத்தமன் ஆட்சியில் விருத்தாசலத்துக்கு நகர்கிறது. 1001இல் திண்டிவனத்துப் பக்கம் திருவக்கரையில் போய் நிற்கிறது. இந்த வடக்கு ஊர்கள் மூன்றாம் கிருஷ்ணனின் கை ஓங்கியிருந்த பகுதியைச் சேர்ந்தவை. இழந்த நிலத்தில் படை போன பிறகு கோயில் போகிறது. கோயில் போகிற இடத்தில் தேவதானம், சபை, கணக்கு, காவல், நந்தா விளக்குக்கு ஆடு, நெல்லுக்குப் பொறுப்பேற்கும் ஊரார் என்று ஓர் ஆட்சியே வேர்பிடிக்கிறது. இதை ஒரு மூத்த மாமியார் பொழுதுபோகாமல் செய்த தருமம் என்று சொல்ல முடியுமா?

திருக்கோடிக்காவலில் நடந்தது இதைவிட முக்கியம். அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, பல்லவ, பாண்டிய அரசர் காலத்துப் பழைய கல்வெட்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் பழங்கற்படி என்று அடையாளமும் சொன்னார்கள். படியெடுத்த பிறகு பழைய கற்கள் இனிப் பயனில்லை என்று விலக்கப்பட்டன. கல்வெட்டியல் பாராட்டுகிற காரியம் இது. பாராட்டத்தான் வேண்டும், அது இல்லையென்றால் அந்தச் சாசனங்களே நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் ஆவணக் காப்பகம் என்பது என்ன என்று யோசிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எது மூலம், எது படி, எது இனித் தேவையில்லாத கல் என்று தீர்மானிக்கிற இடம் அதிகாரத்தின் இடம். ஓர் ஊரின் நிலவுரிமை முழுக்க அந்தக் கற்களில்தான் இருந்தது. அதைத் தொட்டு, எடுத்து, மறுபடி எழுதுகிற கை இந்தப் பெண்ணுடைய பெயரால் இயங்கியிருக்கிறது.

திருநல்லத்தில் அவள் வேறொன்று செய்கிறாள். செத்துப்போன கணவன் பெயரால் கோயிலைக் கல்லாக்கி, அவன் லிங்கத்தைக் கும்பிட்டபடி இருப்பதாக ஒரு சிற்பமும் வெட்டி, கீழே எழுதியும் வைக்கிறாள். வேலை செய்து முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும், அவனுக்குக் கொடுத்த ராஜகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் அங்கே இருக்கின்றன. கண்டராதித்தன் ஆண்டது சில ஆண்டுகள்தான். தில்லையைப் பாடிய அவனுடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. மற்றபடி போர்வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பட்டம் தம்பி வழியில் போய்விட்ட பிறகு, அண்ணன் வழிதான் மூத்த வழி என்பதை வாயால் சொன்னால் அது கலகம். கல்லில் வெட்டிக் கும்பிட்டால் பக்தி. திருவயிறு வாய்த்த என்கிற அடைமொழியையும் இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். வயிறு என்று முதலில் நமக்குக் கோபம் வந்தது சரிதான். ஆனால் அது தாய்மையைப் பற்றிய வாக்கியமாக மட்டும் நிற்கவில்லை. உத்தமனுக்குப் பட்டத்தின் மேல் உள்ள உரிமை எந்த வழியாக வருகிறது என்று ஒவ்வொரு சுவரிலும் அறிவிக்கிற சாசனமாகவும் இருக்கிறது.

பட்டம் எப்படி வந்தது என்பதுதான் எல்லோருக்கும் சங்கடமான இடம். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். 971 வாக்கில் உத்தமன் அரசனாகிறான். அவன் ஆண்ட பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில்தான், கொலைகாரர்களின் உறவுக் கூட்டத்தாரின் நிலம் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு வருகிறது. ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன் முதலியோர் பார்ப்பன அதிகாரிகள் என்பதைப் பிடித்துக்கொண்டு நம் தரப்பில் நிறையவே எழுதிவிட்டார்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உத்தமனை விடுதலை செய்ய மேடைகளில் சொல்லப்படும் வாதத்தை மட்டும் கவனிக்கிறேன்: "அந்த மகராசி வயித்துல பொறந்தவனா இப்படிச் செய்வான்?" மறுபடியும் வயிறு. அவளுடைய பக்தி மகனுக்கு நன்னடத்தைச் சான்றிதழாகிவிடுகிறது. அதே மூச்சில் அவளுடைய அரசியல் காணாமல் போகிறது. மகன் அரசனாக வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாமா, அதற்காகப் பேசியிருக்கலாமா, சிற்றரசர் குடும்பங்களை அணைத்திருக்கலாமா என்று கேட்பதே பாவம் போல ஆகிவிடுகிறது. கொலைக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட ஒரு சான்றும் கிடையாது. ஆனால் மகனுக்குப் பட்டம் வேண்டும் என்று நினைப்பதற்கும் கொலைக்கும் நடுவே ஏராளமான அரசியல் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எந்த ஆண் அரசனையும் நாம் தாராளமாக உலவ விடுகிறோம்.

கல்கிக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் அவர் செய்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். பட்டத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகன் அவள் பெற்ற பிள்ளையே இல்லை என்று ஆக்கிவிட்டார். அவள் வயிற்றில் பிறந்தவன் சேந்தன் அமுதன், பூக்கட்டித் தேவாரம் பாடுகிறவன், பட்டம் தேடி வந்தாலும் கூச்சப்படுகிறவன். ஆசை வேறொருத்தி வயிற்றுக்குப் போயிற்று, பக்தி இவள் வயிற்றில் தங்கிற்று. தாயாக அவள் செய்வதெல்லாம் மகன் என்று வளர்த்தவனை அரசுரிமை கேட்காதே என்று தடுப்பதுதான். கல்வெட்டில் திருவயிறு வாய்த்ததால் அரசியல் செய்தவளை, நாவல் அந்தத் திருவயிற்றையே மாற்றி வைத்து அரசியலிலிருந்து விலக்கிவிடுகிறது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள் அந்தப் பிம்பத்தை இன்னும் லட்சக்கணக்கான பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

நம் தோழர்கள் பக்கமும் குறை இருக்கிறது. சோழர் காலம் என்றால் பார்ப்பனியம், நிலப்பிரபுத்துவம், தீண்டாமை என்று மூன்று சொல்லில் முடித்துக்கொண்டு, இந்த ராணியைப் பார்ப்பனர்களின் கைப்பாவை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மூன்று சொல்லும் பொய்யில்லை. அவள் பெயரில் நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு சதுர்வேதிமங்கலம் உண்டாகிறது. அவள் பிறந்த சித்திரைக் கேட்டைக்கு அங்கே கைலாசநாதர் கோயிலில் சிறப்பு வழிபாடு நடக்க மருமகள்கள் நிவந்தம் வைக்கிறார்கள். பிராமணர்களுக்குச் சோறு போகிறது. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவர்கள் யார் என்று அந்தச் சுவர்களில் தேடினால் கிடைக்காது. ஒரு தலைமுறைக்குள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கழித்துச் சொல்லும்போது, சுடுகாட்டோடும் வாய்க்காலோடும் சேர்த்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எண்ணப்படுகின்றன. இந்த நில ஒழுங்கைப் படுகை முழுக்க விரித்ததில் செம்பியன் மாதேவிக்குப் பங்கு உண்டு. ஆனால் கைப்பாவை என்று சொன்னால் அந்தப் பங்குக்கு அவளைப் பொறுப்பாக்க முடியாது. பொம்மையை யார் விசாரிப்பார்கள்? அம்மையார் என்பவர்களும் கைப்பாவை என்பவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், இரண்டு தரப்பிலும் அவள் ஆளவில்லை. நான் அவளை ஆண்டவள் என்கிறேன். முதலாம் பராந்தகன் முதல் ராஜராஜன் வரை ஆறு அரசர்களைப் பார்த்தவள், ஒரு கிளையின் அரசனைப் பெற்றவள், மறுகிளையும் கடைசிவரை தள்ளிவைக்க முடியாதவள். பெருமையும் கேள்வியும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

மறுகிளை அவளை எப்படி நடத்தியது என்பதற்குச் சான்று இருக்கிறது. 1019இல், ராஜேந்திரன் காலத்தில், அவள் பெயரிலான ஊரின் கோயிலில் அவளுக்குப் படிமம் வைத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கொல்லப்பட்ட கரிகாலனின் தம்பி மகன் காலத்தில், உத்தமனின் தாய்க்கு! தஞ்சையில் குந்தவை, தன் பெற்றோருக்கு வைத்ததும் இதே காலத்தில்தான். தீயில் இறங்கியவளும் இறங்க மறுத்தவளும் கடைசியில் செப்புத் திருமேனிகள் ஆகிவிட்டார்கள்.

வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஒரு செப்புத் திருமேனி நிற்கிறது. மூன்றடிக்கு மேல் உயரம், சரிந்த தோள், நீண்ட கை, கொஞ்சம் விசித்திரமான நளினம். நியூயார்க்கில் ஹகோப் கெவோர்கியன் என்கிற வியாபாரியிடமிருந்து 1929இல் வாங்கியது. பார்வதியாகச் செம்பியன் மாதேவி என்பது அங்கே அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம். வித்யா தெஹஜியா இதை ராணியின் உருவம் என்று வாதிட்டார். பத்மா கைமல் போன்றவர்கள் அப்படி உருவச்சிலை என்று சொல்லிவிடுவதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2022இல் தமிழ்நாட்டு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, இது செம்பியன் மாதேவி ஊர்க் கைலாசநாதர் கோயிலிலிருந்து களவுபோனது என்று அறிவித்து மீட்கும் முயற்சியில் இறங்கியது.

பத்தூர் நடராசர் வழக்கு நினைவிருக்கும். 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த அந்தக் கோயில் தன் சிலைக்காக வழக்காட முடியும் என்று ஏற்றுக்கொண்டது. சிலை ஊர் திரும்பியது. நம் சட்டத்தில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், ஆயிரம் வருஷம் கழித்தும் போடலாம். செத்துப்போன ராணிக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்ப வேண்டுமானால், வக்கீல்கள் அவளைப் பார்வதி என்று சொல்வதுதான் வசதி. காவல்துறையின் அறிவிப்போ அவளை ராணி என்றுதான் சொல்கிறது.